அருண் வண்டிக்குத் தகரம் வைத்த விவரம்

இராயப்பன்பட்டி
ஞாயிறு, பூசை முடிந்து

பாசமுள்ள மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபு அவர்களுக்கு,

அத்தான் அமிர்தராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா ரோசம்மாளும் மருமகள் பெனிஷாவும் ஆண்டவர் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அதைவிட நன்றாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது அத்தான் ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பீர்கள். போன் என்றால் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம்.

நம்ம பையன் அருண் ஜோசப் நெஞ்சுவலியில் போனதிலிருந்து, அவன் திராட்சை ஏற்றி ஓட்டிய பிக்கப் வண்டி தென்னைக்கு அடியில் கிடக்கிறது. விற்கவும் அக்கா விடவில்லை, தொடவும் விடவில்லை. இரண்டு வருஷச் சாரலில் நனைந்து துருவேறி, வெள்ளை வண்டி காவி வண்டி ஆகிவிட்டது. பழைய இரும்பு வாங்குகிறவன் தெருவுக்குள் வந்தாலே நம் கேட்டில் நின்று, அதை எடைக்குப் போடுகிறீர்களா என்று கேட்பான். அவன் கேட்ட அன்றெல்லாம் அக்கா சாப்பிட மாட்டாள். அவன் வாயை அடைக்க முடியாது, வண்டியையாவது வண்டி மாதிரி ஆக்குவோம் என்று நான்தான் அக்காவிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். காலமெல்லாம் ஓவிய ஆசிரியராக இருந்தவனுக்கு ஒரு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாதா என்று ஒரு திமிர்.

உப்புத்தாளை எடுத்துக் கதவில் தேய்த்தேன். துரு போனது. துருவோடு கதவும் போனது. என் கை உள்ளே போய், மறுபக்கம் சீட்டைத் தொட்டது. சரி, பின்பக்கம் கெட்டியாக இருக்கும் என்று அங்கே போனால், சரக்கு ஏற்றும் கதவு கொக்கியோடு கையில் வந்துவிட்டது. உள்ளே கூடு கட்டியிருந்த குளவிகள் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டன. ஒரு வாரம் தேய்த்தும் சுரண்டியும் பார்த்ததில், துருவை எடுக்க எடுக்க வண்டி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பதே துருதான் என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம்தான் கிரில் பட்டறை வைத்திருக்கும் சுருளிராஜனைக் கூப்பிட்டேன். பட்டறையில் கிடந்த ஒரு பழைய போர்டின் தகரத்தை வெட்டிக் கொண்டுவந்து ஓட்டைகளை அடைத்தான். நல்ல கெட்டித் தகரம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். பற்றவைத்து முடித்து, தூசியைத் துடைத்தபோதுதான் பின்பக்கத் தட்டில் 'பிரீசர் பாக்ஸ் வாடகைக்கு' என்று எழுத்துத் தெரிந்தது. அருணைப் படுக்கவைத்திருந்த பெட்டியும் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான். ரெட் ஆக்சைடு பெயிண்டை மூன்று தடவை பூசிவிட்டேன். வெயில் சாய்ந்து அடிக்கும்போது 'வாடகைக்கு' மட்டும் இன்னும் தெரிகிறது. சாயங்காலம் ஆனால் அங்கே ஒரு சாக்கைப் போட்டு வைக்கிறேன்.

வினை அதுவல்ல. பற்றவைக்கும்போது, "நேராப் பாக்காதீக சார், கண்ணு போயிரும்" என்று சுருளிராஜன் சொன்னான். ஒட்டுகிறதா இல்லையா என்று பார்க்காமல் எப்படி இருப்பது? பார்த்தேன். பொழுது சாயும்போது கண்ணுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டியது போல ஆகிவிட்டது. விடிந்தும் தண்ணீர் நிற்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாவாசி பால் வாங்கப் போனவர் நின்றார். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழ ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்த்துத் தெரு வந்தது. தெருவைப் பார்த்துப் பங்குச் சாமியாரும் வந்து தலையில் கைவைத்து ஜெபம் சொன்னார்.

அருண் அடக்கத்தன்று நான் அழவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்கு டீ வந்ததா என்று பார்த்தேன். அன்றிலிருந்து அக்கா என்னிடம் பேசுவது சாப்பாட்டுக்கு மட்டும்தான். அவள் இப்போது வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "இப்பவாச்சும் அழுதீகளே" என்றாள். பிறகு மத்தியானம் வரைக்கும் பையனைப் பற்றியே பேசினாள். ஒரு கொய்யாக்காய்க்காக அவன் ஸ்கூலில் போட்ட சண்டை வரைக்கும். வெல்டிங் என்று சொல்ல என்னால் எப்படி முடியும், மாப்பிள்ளை?

இப்போது கண் சுத்தமாகச் சரியாகிவிட்டது. அதுதான் சங்கடம். காலையில் காபி கொடுக்கும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். இன்னொரு கதவுக்கும் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. சுருளிராஜன் வந்தால் எப்படியும் உளறிவிடுவான். அதனால் நீங்கள் ஒரு நடை வந்து, உங்கள் கடைக்கு வண்டி வேண்டும் என்று கேட்டு இதைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். தம்பி கேட்டால் அவள் மறுக்க மாட்டாள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். பனிமய மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

அன்புள்ள அத்தான்,
அமிர்தராஜ்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். இத அத்தான் பெனிஷாகிட்ட போஸ்ட் பண்ணக் குடுத்திருந்தாக, அவ எங்கிட்ட குடுத்துட்டா. வெல்டிங் சமாச்சாரத்தச் சுருளிராஜன் அன்னைக்கு ராவே வந்து சொல்லி, கண்ணுல வெள்ளரிக்கா வைக்கச் சொல்லிட்டுத்தான் போனான். தெரிஞ்சுதான் பக்கத்துல போயி உக்காந்தேன். கண்ணு சரியாகி ஒரு வாரமாச்சு. அதுக்கப்புறமும் நான் செபமாலைக்குப் போற நேரமாப் பாத்து, வண்டிக்குள்ள ஏறி உக்காந்து அழுகுறாக. அத உனக்கு எழுதல பாரு. நேத்து நானும் போயி மத்த சீட்டுல உக்காந்தேன். வண்டிய இழுத்துட்டுப் போக வராத. சும்மா வா. சீட்டுல கம்பி குத்துது, வரும்போது அங்கன சீட்டுக்குத் தைக்க நல்ல ரெக்சினாப் பாத்து வாங்கிட்டு வா.