கொண்டு போய்க் காட்டுங்க

நான் நடந்துகொண்டிருந்தேன். தோட்டத்துக் கோயில் மண்டபம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ரந்தாவ் பட்டணம் ஏழு கிலோமீட்டர் முன்னால் இருந்தது. மேலே மச்சானிடம் இரவல் வாங்கிய பட்டு ஜிப்பா, கீழே என்னுடைய ரப்பர் சிலிப்பர். ஜிப்பாவின் கழுத்தில் தொலைக்காட்சிக்காரர்களுடைய மைக் இன்னும் மாட்டியிருந்தது. அதன் பெட்டி இடுப்பில் ஆடிக்கொண்டே வந்தது. கழற்றிக் கொடு என்று இரண்டு பேர் பின்னால் ஓடிவந்து கேட்டார்கள். திருடும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அதை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவன் நின்று, இதைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள் என்று கேட்டால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை?

இப்படி எத்தனையோ இடங்களிலிருந்து நடந்து வெளியேறியிருக்கிறேன். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் தோட்டம், கிள்ளானில் கார் கழுவும் கடை, ஜொகூரில் ஒரு பலகைத் தொழிற்சாலை. அங்கெல்லாம் என்னைத் துரத்தினார்கள், அல்லது துரத்துவதற்கு முன் நானே மூட்டையைக் கட்டினேன். நான் திட்டியதை ஒரு மண்டபம் முழுக்க ஆட்கள் ஒலிபெருக்கியில் கேட்டு முடித்த பிறகு கிளம்பியது அன்று ஒரு நாள்தான்.

சாமி, படிப்பு, டிவி இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் எனக்கு முகம் கறுத்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். நிறையப் படித்தவர்கள் இவற்றைப் பற்றி யோசித்து ஒரு கருத்துக்கு வருவார்களாம். நான் யோசிக்கவில்லை. என் கருத்துகள் எல்லாம் இரண்டாம் வகுப்பில், பின்வரிசையில், எனக்கு வலுக்கட்டாயமாகக் கிடைத்தவை.

வயதுக்கு மீறிய உயரம் என்பதால் தமிழ்ப்பள்ளியில் என்னைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கரும்பலகையில் வாத்தியார் எழுதுவது அங்கிருந்து எனக்கு வெள்ளைப் புகையாகத் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் ஊகித்து எழுதுகிறார்கள், எனக்குத்தான் ஊகிக்கிற மூளை இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். (ஏழு வயதில் நான் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது அதுதான் என்று வையுங்கள்.) வாத்தியார் மாசிலாமணி சார் நல்ல மனிதர். ஒருநாள் மளிகைக் கடை வாசலில் அப்பாவைப் பார்த்து, "தம்பிக்குக் கண்ணுக் கோளாறு மாதிரி தெரியுது. கொண்டு போய்க் காட்டுங்க" என்றார்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கண்ணுக் கோளாறு என்றால் ஒரே பொருள்தான். யாரோ பொறாமையில் கண் வைத்துவிட்டார்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், கோயில் கமிட்டியிலும் இருந்தார். அன்று சாயங்காலமே என்னைக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் காட்டினார். பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டி, விபூதி ஊதி, கையில் சிவப்பு நூல் கட்டினார். "படிக்கிற பிள்ளை மேல யாரோ கண்ணு வச்சிருக்காங்க. மூணு வாரம் கொண்டு வாங்க" என்றார். (வகுப்பில் முப்பத்தொரு பேர். நான் முப்பதாவது. முப்பத்தொன்றாவது ஆள் பாதி நாள் பள்ளிக்கே வரமாட்டான். என் மேல் பொறாமைப்பட்ட அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.)

பத்து நாள் கழித்து வாத்தியார் விசாரித்தார்.

"காட்டினீங்களா?"

"காட்டிட்டேன் சார். மூணு வாரம் வரச் சொல்லியிருக்காங்க."

"நல்லது. விடாமக் காட்டுங்க."

இரண்டு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். பொய் சொன்னவர் யாருமில்லை. என் படிப்பு அங்கே முடிந்தது. எட்டாவது வருஷம், இரண்டாம் படிவம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது டிவியில். அதற்கு முன்னால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் விளம்பரத்தில் வரும் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும். பள்ளிக்கூடம் என்னைப் பின்னால் தள்ளியது. டிவி பக்கத்தில் உட்கார விட்டது. ஆனால் டிவியை ஒட்டி உட்கார்ந்துதான் என் கண்ணும் புத்தியும் கெட்டன என்று லயமே தீர்ப்புச் சொன்னது. அப்பா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். படிப்புக்கு இருந்த ஒரே வாசலும் அப்படி அடைபட்டது.

பிறகு பத்துப் பதினொரு வருஷம் ஊர் ஊராக வேலை. மோட்டார் லைசென்ஸ் எடுக்கப் போகவில்லை. அதற்கும் பரீட்சை உண்டு என்றார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி இரண்டு முறை கால்வாயில் விழுந்தேன். கால்வாயைக் கடைசி நேரத்தில் யாரோ நகர்த்தி வைத்தது மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு சுற்று முடிந்து, வேலையில்லாமல் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு பேச்சு நிகழ்ச்சி எடுக்க வந்தார்கள். வாழ்க்கையில் கைகொடுப்பது படிப்பா, பக்தியா என்பது தலைப்பு. படிப்பு அணிக்குச் சிரம்பானிலிருந்து பட்டதாரிகள் வந்தார்கள். பக்தி அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. அப்பா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு என்னப்பா பேசத் தெரியும்?"

"படிக்காதவன் பக்திப் பக்கம்தானடா பேசணும். வேற எந்தப் பக்கம் பேசுவ?"

அந்த வாரம் வீட்டில் இன்னொரு ஏற்பாடும் நடந்தது. அக்கா தொழிற்சாலை வேலைக்குப் போவதால் அவள் மகள் தர்ஷினி பகலில் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். ஏழு வயது. டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்காருவாள். "டிவி பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்குக் கண்ணு கெட்டுப்போச்சு. யாரு கண்ணோ வேற பட்டிருக்கு" என்றார் அப்பா. வரும் வெள்ளிக்கிழமை பூசாரியிடம் கூட்டிப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுவது அந்தச் சோற்றுத் தட்டை நினைத்துத்தான்.

படப்பிடிப்பு நாள். மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பூசாரி, சிறப்பு விருந்தினராக. என்ன பேச வேண்டும் என்பதை அவர்களே ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதைத் தூக்கிப் பிடித்தாள். தரையில் டேப் ஒட்டி, இந்தக் கோட்டில் நில்லுங்கள், பலகையைப் பார்த்துப் படியுங்கள் என்றார்கள்.

"வணக்கம்" என்றேன். அது பலகையில் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அதற்கப்புறம் வெள்ளைப் புகை.

இரண்டாவது முறை, கால் தானாக நகர்ந்தது. கோட்டைத் தாண்டினேன். கேமராவையும் தாண்டினேன். பலகைக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்று, குனிந்து, "நான் இரண்டாம் படிவம் வரை படித்தவன்" என்று அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்து அறிவித்தேன். கேமராவில் என் முதுகு மட்டும் விழுந்ததாம். மண்டபம் சிரித்தது.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, அங்கேருந்து தெரியலையா?"

"பலகை தெரியுது."

"எழுத்து?"

"எழுத்து அவ்வளவு தூரத்துல யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்ண்ணே."

அவள் கேலி செய்யவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் வைத்தாள். திரும்பினேன். மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகை அப்படியே என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. குணசேகரன் என்ற என் பெயரைக் குணசேரகன் என்று அச்சடித்திருந்தார்கள். இருபத்தாறு வயதில் உலகத்தை முதன்முதலாகத் தெளிவாகப் பார்க்கிறேன், அதில் முதலில் தெரிந்தது எழுத்துப் பிழை.

அப்படியே மண்டபத்தைப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் தர்ஷினி நாற்காலியில் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றிலும் என் முகம் அப்படித்தான் இருக்கும். வெயில் என்று நினைத்திருந்தேன்.

"கண்ணாடியக் குடுங்கண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் அந்தப் பெண். கொடுத்துவிட்டேன். உலகம் மறுபடியும் புகையானது.

பலகை வேண்டாம், நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். செய்தி வாசிப்பவர் மாதிரி தமிழ் அவருக்கு. "ஐயா, உங்கள் வாழ்க்கைப் பாதையையே மாற்றிய நூல் எது?"

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். திருவிழாவுக்கு அப்பா புதிதாகக் கட்டவைத்த சிவப்பு நூல் மணிக்கட்டில் இருந்தது. "இதுதான். பூசாரி கட்டினது."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. "இல்லை ஐயா. நூல் என்றால் புத்தகம்."

"அந்த நூலப் படிக்க வேண்டிய வயசுலதான் இந்த நூலக் கட்டினாங்க" என்றேன். நான் கோபத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மண்டபத்துக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். அங்கே யாருமில்லை. குழாயிடம் பேசினேன்.

"மூணு வாரம் எலுமிச்சம்பழம் வெட்டினாராம். அதப் புழிஞ்சு குடுத்திருந்தாக்கூடத் தாகம் அடங்கியிருக்கும். வாத்தியாருக்குக் கண் டாக்டர்னு முழுசா ஒரு வார்த்தை வாயில வரல. முன்பெஞ்சுல ஒரு இடம் குடுக்கல. நம்ம அப்பா ஆட்டுக்குக் கண்ணு கலங்கினா டவுன்ல போய் மருந்து வாங்கிட்டு வராரு. எனக்கு நூலு. வெள்ளிக்கிழமை தர்ஷினியக் கூட்டிட்டுப் போகட்டும், அந்தப் பூசாரி வாயில ஒரு பல்லு இருக்காது." இதற்கு மேலும் சொன்னேன். அச்சில் வராது.

அப்பா வந்தார். "மைக்கக் கழட்டுடா."

"எந்த மைக்கு?"

"கழுத்துல பாரு. எல்லாம் உள்ள கேட்டுச்சு. பூசாரி எந்திரிச்சுப் போயிட்டாரு."

மைக்கைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. எப்படியும் ஆரம்பித்தாகிவிட்டது. "நல்லதாப் போச்சு. என்னை எதுக்கப்பா அவருகிட்டக் கூட்டிட்டுப் போனீங்க?"

"வாத்தியாரு காட்டச் சொன்னாரு, காட்டினேன். மழையில உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். நான் காட்டலைன்னு மட்டும் சொல்லாத."

"யாருகிட்டக் காட்டினீங்க?"

"யாருகிட்டன்னு அவரு சொல்லலையே."

பூசாரியைத் திட்டலாம், வாத்தியாரைத் திட்டலாம். மழையில் தூக்கிப்போனவரை என்ன செய்வது? அவர் மேல் எனக்கு இருந்த கோபம் குறையவில்லை, வைக்கத்தான் இடமில்லை. நடக்க ஆரம்பித்தேன்.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் அக்காவின் கார் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுடா."

"மைக்குக்காக வந்தியா?"

"மைக்குக்கும்தான். ஏறு லா, பின்னால லோரி வருது."

பின் இருக்கையிலிருந்து தர்ஷினி எட்டி என் ஜிப்பாவைப் பிடித்தாள். "மாமா, இது கிளிப்பு. அமுக்கினா வந்துரும்." கழற்றி, கண்ணுக்கு மூன்று விரல் தூரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா அதைக் காரின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு லீவு போடறேன். இவளக் கொண்டு போய்க் காட்டணும்."

"யாருகிட்ட?" என்றேன்.

"அம்பாங்கான்ல கண்ணாடிக் கடை இருக்கு. நீயும் வர. வெள்ளிக்கிழமைக்கு அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தக் கேள்வி இன்றும் வீட்டில் செத்தபாடில்லை. பல்வலி, பழுதான மிக்சி, மச்சானின் ஜாதகம், எதைக் கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்றாலும் யாராவது ஒருவர் "யாருகிட்ட?" என்பார்கள். போன வருஷம் அப்பாவுக்குக் கண்ணில் படலம் விழுந்தபோது, காட்டணும்ப்பா என்றாள் அக்கா. சிரிக்காமல் அவரே கேட்டார். நிகழ்ச்சியும் ஒளிபரப்பானது. என்னை நாலே விநாடி காட்டினார்கள். கையைத் தூக்கி நூலைக் காட்டுகிறேன், பின்னணியில் வீணை. பக்தி அணி வென்றது.

படப்பிடிப்புக்கு மறுநாள் காலை அம்பாங்கான் கடையில் சீன முதலாளி தர்ஷினியின் கண்ணில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "நம்பாக்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மலாயில் அதற்குத் தெரிகிறதா என்று பொருள். (எங்கள் வீட்டில் நம்புவதைப் பற்றித்தான் அதுவரை கேட்டிருந்தார்கள்.) அவள் கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். என்னுடையது தடித்த கண்ணாடி, வர நாலு நாள் ஆகும் என்றார். சாலைமுனையில் கடையின் விளம்பரப் பலகையைப் பிடித்து நிற்கிற ஆள் அன்று வரவில்லை என்று தொலைபேசியில் யாரையோ திட்டவும் செய்தார்.

நான் நிற்கிறேன் என்றேன்.

"பாச்சா போலே?" என்றார். படிக்க முடியுமா என்று.

"பக்கத்துல வச்சா போலே" என்றேன்.

பலகையை என் கையில் கொடுத்தார். கண் பரிசோதனை இலவசம் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. சாலைமுனைக்குப் போய், அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். எனக்கு அவ்வளவு பக்கத்தில் ஒரு பலகையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை.