ஏ பிரிவில் ஒரு மாப்பிள்ளை

ஒவ்வொரு மனிதனுக்கும் தன் ரத்த வகை தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதைவிட முக்கியமாகத் தான் எந்தப் பிரிவு ஆட்டக்காரன் என்பது தெரிந்திருக்க வேண்டும். ரத்த வகையைத் தப்பாகச் சொன்னால் ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை சோதித்துக்கொள்வார்கள். பிரிவைத் தப்பாகச் சொன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். என்னைப் பார்த்தார்கள். சிதம்பரத்தில், 2009 வாக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அப்போது நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் கெமிஸ்ட். வேலை முடிந்தால் ஷட்டில். தேவனாம்பட்டினம் போகிற வழியில் ஒரு காலி மனையில் சிமெண்ட் பூசி, இரண்டு கம்பம் நட்டு, நாங்களே கோடு போட்ட கோர்ட். என் ஜோடி சேவியர், அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ். அந்தக் கோர்ட்டில் எங்களை ஜெயித்தவர்கள் ரொம்பக் குறைவு. (அங்கே ஆடியவர்களே ரொம்பக் குறைவு. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் பெண் பார்க்கச் சிதம்பரம் போனோம். பெண் தமிழ்ச்செல்வி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனபின், "ரெண்டு பேரும் பேசணும்னா பேசுங்க" என்று எங்களை மாடிப்படி ஓரமாக விட்டுவிட்டு, எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் கேட்டாள்.

"லீவு நாள்ல என்னா பண்ணுவீங்க?"

"ஷட்டில் ஆடுவேன்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நெசமாவா? நான் காலேஜ் டீம்ல ஆடியிருக்கேன். நீங்க டோர்னமெண்ட்ல எந்த பிரிவுல ஆடுவீங்க? ஏ-வா, பி-யா, சி-யா?"

இப்படிப் பிரிவுகள் இருப்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே ஏ என்றால் நல்லது என்று தெரியும்.

"ஏ" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. என்னை யாரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. தலை கிறுகிறுத்துவிட்டது.

"எங்க மாமா கிளப்புல அடுத்த மாசம் டோர்னமெண்ட் இருக்கு. வாங்களேன், நீங்க ஆடறத பாக்கணும்" என்றாள். நானும் ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி, "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்களுக்கு அவளை எல்லா வகையிலும் பிடித்துப்போயிற்று. அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது: "எங்களுக்கெல்லாம் சம்மதம். பொண்ணுதான் டோர்னமெண்ட் முடியட்டும், அப்பறம் சொல்றேங்குது." என் அம்மாவுக்குக் கோபம். "நாங்க பஜ்ஜி தின்னுட்டு சரின்னு சொன்னோம். இவுங்களுக்கு பந்து அடிச்சிக் காட்டணுமா?" என்றாள். பந்து இல்லை, காக் என்று திருத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டோர்னமெண்ட் விஷயத்தை மட்டும் சேவியரிடம் சொன்னேன். அவனுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரிந்திருந்தது.

"மச்சான், ஏ-ன்னா மாவட்டத்துக்கு ஆடினவன், யூனிவர்சிட்டிக்கு ஆடினவன்லாம் வருவான்டா. பி-ன்னா நல்லா ஆடறவன். சி-ன்னா நம்மள மாதிரி. நம்ம சி-டா. நல்லா ஆடினா கப்பே அடிக்கலாம். சுவர்க் கடிகாரம் வேற தரானுங்க."

"நான் ஏ-ன்னு சொல்லிட்டேன்டா."

"யாரு கேட்டாங்க?"

"பொண்ணு."

சேவியர் தொங்கிக்கொண்டிருந்த நெட்டை இழுத்துக் கட்டினான். பிறகு, "சரி, உன் கல்யாணத்துக்காக உதை வாங்கறேன்" என்றான். தன் சக்தி இவ்வளவு என்று சரியாகத் தெரிந்திருந்தும், நண்பனுக்காக அதைத் தாண்டி வந்து நின்றவன் அவன். கடிகாரம் போச்சே என்று மட்டும் ஒரு மாசம் புலம்பினான்.

அந்த ஒரு மாசமும் வெறித்தனமாகப் பயிற்சி செய்தோம். எங்கள் கோர்ட்டில் ஒரு விசேஷம் உண்டு. சாயங்காலம் கடற்காற்று குறுக்கே அடிக்கும். கிழக்கே கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் காக் அடித்தால், காற்று அதை உள்ளே கொண்டுவந்து வைக்கும். புதிதாக வருகிறவன் கோட்டுக்குள் அடிப்பான், காற்று அதை மேற்கே வேலிக்கு அனுப்பும். எங்கள் வெற்றிகளில் பாதி இப்படி வந்தவை. அதைத் திறமை என்று நாங்கள் மனசார நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். உள்ளரங்கம். ஏ பிரிவு ஆட்கள் மூன்று நான்கு மட்டைகள் கொள்ளும் நீளப் பைகளோடு வந்திருந்தார்கள். எங்கள் மட்டைகள் ஜவுளிக்கடைப் பையில் இருந்தன. பதிவு மேஜையில் செல்வியின் மாமா. "வாங்க மாப்ள! ஏ தானே?" என்று கேட்டு, அரங்கமே கேட்கிற மாதிரி பெயரைப் படித்தார். முதல் வரிசையில் செல்வியின் அம்மா, அப்பா, சித்தி, இரண்டு தூக்குவாளி நிறைய எலுமிச்சை சாதம். எங்கள் கோர்ட்டில் ஸ்கோர் பலகையின் அட்டைகளைப் புரட்ட உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்தேன். செல்வி.

முதல் அதிர்ச்சி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மின்விசிறியும் நின்றிருந்தது.

"ஃபேன் போட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"காத்து இருந்தா காக் ஆடும் சார்" என்றார் நடுவர்.

சேவியர் பழக்க தோஷத்தில் விரலை நாக்கில் தொட்டு, மேலே தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். அரங்கத்தில் முதல் சிரிப்பு அப்போது எழுந்தது.

இரண்டாவது அதிர்ச்சி, ஏ பிரிவில் இறகு காக். நாங்கள் அதுவரை பிளாஸ்டிக் காக் தவிர வேறெதையும் தொட்டதில்லை. சி பிரிவுக்குத்தான் பிளாஸ்டிக்காம்.

எதிரே இருவர். ஒருவர் கண்ணாடி போட்டவர், நாற்பது தாண்டி லேசாகத் தொப்பை விழுந்தவர். இன்னொருவர் அவருடைய தம்பியாம், நெடுநெடுவென்று இருந்தார். கண்ணாடிக்காரரின் தொப்பையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. (அதுதான் அன்றைக்கு வந்த கடைசி தைரியம்.)

ஆட்டம் ஆரம்பித்தது. நான் வழக்கம்போல் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அடித்தேன். அது வெளியே ஒரு முழம் தள்ளியே விழுந்தது. உள்ளே கொண்டுவந்து வைக்க ஆள் இல்லை. இன்னொன்று அடித்தேன், அதுவும் அங்கேயே. சேவியர் அடித்தது செல்வியின் சித்தி மடியில் போய் உட்கார்ந்தது. கை பழகியது பழகியதுதான். மூளை உள்ளே அடி என்கிறது, கை கடற்காற்றுக்காகக் காத்திருக்கிறது. செல்வி ஒரு பக்கத்து அட்டைகளையே புரட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து அட்டையைத் தூசி தட்டினால் போதும் என்கிற நிலைமை.

முதல் செட்டில் எங்களுக்கு நாலு புள்ளி. அதில் மூன்று அவர்கள் போட்ட பிச்சை.

இரண்டாவது செட்டில் எனக்கு ஒன்று நேர்ந்தது. நான் ஜெயிப்பதைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடிக்காரர் ஆட்டம் அப்படி. ஸ்மாஷ் அடிக்கப் போவது போலக் கையை ஓங்குவார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடுவோம். காக் நெட்டுக்கு மேல் ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் பூப்போல் விழும். அவர் ஓடவே மாட்டார், காக் எங்கே வருமோ அங்கே முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார். ஷட்டில் இவ்வளவு அழகான ஆட்டம் என்பது அதை ஆடிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னை அறியாமல், "சூப்பர் சார்!" என்று கத்திவிட்டேன். அடுத்த அடிக்கு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக் கைதட்டினேன்.

"டேய், நம்ம ஆடறவங்கடா!" என்றான் சேவியர்.

"தெரியும்டா. ஆனா பாத்தியா அத?"

நான் திரும்பி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பிக்காரர் அடித்த ஸ்மாஷ் வந்து என் மூக்கில் இறங்கியது. கண்ணில் நீர் கொட்ட, "நல்ல அடி சார்" என்றேன். அரங்கமே எழுந்து கைதட்டியது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. மூன்று புள்ளியோடு கதை முடிந்தது.

வெளியே படியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் போச்சு என்று தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நல்ல பெண்ணை ஒரே எழுத்தில் தொலைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். செல்வி கைக்குட்டையில் ஐஸ் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க வெளி கோர்ட்லதான ஆடுவீங்க? கடல் பக்கம்?"

"எப்படித் தெரியும்?"

"எல்லா காக்கும் ஒரே பக்கம் போச்சி. காத்துக்குக் கணக்கு போட்டு அடிக்கிறீங்க. கணக்கு சரிதான், காத்துதான் வரல."

அவமானத்தை மறந்து அவளை வியந்து பார்த்தேன். இத்தனை வருஷம் ஆடிய நாங்கள் திறமை என்று நம்பியதை, காற்று என்று அட்டை புரட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏ-ன்னு பொய் சொன்னேன். தப்புதான்."

"தெரிஞ்சிடுச்சி. நாலாவது புள்ளியிலயே தெரிஞ்சிடுச்சி." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் எத்தினியோ தோக்கறவங்கள பாத்திருக்கேன். லைட் சரியில்லம்பாங்க, காக் சரியில்லம்பாங்க, பார்ட்னர திட்டுவாங்க. எதிராளிக்குக் கைதட்டினவர இன்னிக்குதான் பாக்கறேன்."

ஐஸை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டேன். ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாட்டி எந்த பிரிவுல பேரு குடுப்பீங்க?"

"சி."

"அப்ப வீட்டுல சரின்னு சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு அட்டை புரட்ட ஓடிவிட்டாள்.

கல்யாணத்தில் சேவியர் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தான். அதன் கீழே பெயிண்டில், 'ஏ பிரிவு மாப்பிள்ளைக்கு' என்று எழுதியிருந்தான். கூடத்தில் இன்னும் அது மாட்டியிருக்கிறது. பிரியாணி நான் செய்கிறேன் என்று கிளம்பினாலோ, குழாய் ரிப்பேரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்பானரை எடுத்தாலோ, என் மகள் கடிகாரத்தைக் காட்டி, "அப்பா, எந்த பிரிவு?" என்று கேட்பாள். உறவுக்காரர் விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் என் மூக்கை எல்லோரும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

போன கல்யாண நாளன்று எனக்கே ஆசை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செல்வியிடம், "இத்தனை வருஷம் ஆயிடுச்சி. புருஷன்னு பாத்தா இப்ப நான் எந்தப் பிரிவு?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவே இல்லை. "சி-லயே இருங்க. அங்கதான் ஜெயிச்சிக்கிட்டிருக்கீங்க" என்றாள்.