கடாரத்துக்காரர் என்னை அப்பா என்றார்

எதையும் எண்ணிவிடுவது என் பழக்கம். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு மாடிப்படி பதினேழு. என்னைப் பார்த்து மனைவி விடும் பெருமூச்சு, நாளொன்றுக்குச் சராசரி ஆறு. இந்தப் பழக்கத்தால் ஒரு நாள் மானமே போனது.

மகள் சுமதியின் மேலதிகாரி ரோஸ்லான், மலேசியர், மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அவளைக் கோலாலம்பூருக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது.

"அப்பா, ப்ளீஸ், சரித்திரத்தை மட்டும் எடுக்காதீங்க" என்றாள் மகள்.

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மேடவாக்கம் டிராஃபிக்கில் நாற்பது நிமிடம் மாட்டி வந்த மனிதர், தன் சொந்த ஊர் கெடா என்றார். நம் சோழர்கள் கப்பலில் போய் அடித்த அதே கடாரம்! (அடிபட்ட ஊர்க்காரர் என் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு கடிக்கிறார். சும்மா இருக்க முடியுமா?) ஆயிரம் வருஷம் கழித்து அங்கே நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு முன் மன்னிப்புக் கேட்பதுதானே முறை? மகள் அடுக்களைக்குப் போனதும், சோழர்கள் சார்பில், என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் முறுக்குக் கடிப்பதை நிறுத்தி, "அப்பா?" என்றார்.

"இன்றிலிருந்து நீங்கள் என் மகன்" என்றேன்.

"அப்பா?"

"கப்பல், கடை என்ற சொற்களெல்லாம் இங்கிருந்துதான் உங்களிடம் வந்தன!"

"அப்பா?"

கட்டிக்கொண்டேன். (முறுக்கு நான்கு துண்டானது.) இப்படியே இன்னும் சில செய்திகளைச் சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

"சுமதி, ஒன்பது தடவை என்னை அப்பான்னு கூப்பிட்டார்மா!"

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ, மலாய்ல அப்பான்னா 'என்ன?'ன்னு அர்த்தம்ப்பா. ஒன்பது தடவையும் நீங்க பேசினது அவருக்குப் புரியல."

"முப்பத்தெட்டு வருஷமா எனக்கும்தான் புரியல" என்றாள் மனைவி, அப்பளத்தைத் திருப்பியபடி. "நான் ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா?"

மகள் போய் விளக்கினாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியில், அந்தப் படையெடுப்பைப் பற்றிக் கேட்டே விட்டேன். பள்ளிப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மார்க் போனதாம். அதற்கு வேண்டுமானால் மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறாராம்.

இப்போது சுமதி கோலாலம்பூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோவில் நான் பேச ஆரம்பித்ததும் "அப்பா?" என்கிறாள். போன வாரம் பதினான்கு முறை. அதில் கூப்பிட்டது எத்தனை, புரியாமல் கேட்டது எத்தனை என்று விசாரித்தேன்.

"அப்பா?" என்றாள்.

பதினைந்து.