ஓடாவி செய்த வாக்கர்

எலும்பு முறிந்தவரை நடக்கவைப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. அவருடைய சொந்தக்காரர்களைச் சும்மா உட்காரவைப்பதுதான் வித்தை. இருபத்துநான்கு வயதில் எனக்கு இரண்டுமே கைவந்த கலை என்று நினைப்பு. (அந்த வயதில் எதைத்தான் நினைக்கவில்லை!)

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் நர்ஸாக இருந்தேன். எலும்பு கூடியவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது என் பொறுப்பு. அங்கே வந்து சேர்ந்தார் அந்தோணி தண்டல். கொழும்புக்குப் போய்வரும் தோணிக்குத் தலைவர்; சரக்கு அடுக்கும் அறைக்குள் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் எழுந்து நிற்கச் சொன்னால் வெளிறிப்போவார். அவர் முகம் சுளிப்பதற்குள் மனைவி திரேசம்மாவும் இரண்டு கொழுந்தியாள்களும் ஓடிவந்து தாங்கி, திரும்பவும் படுக்கவைத்துவிடுவார்கள்.

"அவியளுக்கு வலிக்குல்லா சிஸ்டரம்மா! நாளைக்கு நடப்பாவ."

அந்த நாளை வருகிற வழியாக இல்லை. மூன்று வாரத்தில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். கோயிலில் அவளைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். "நா படுத்துக் கெடந்தா எங்க அண்ணன்லா கூட்டிட்டுப் போவான்" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். (அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம்.) நான் நடக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வாக்கர் கிடையாது. டாக்டரின் புத்தகத்தில் அதன் படம் மட்டும் இருந்தது. "நான் செய்து வாங்கிட்டு வரேன் சார்" என்று முந்திரிக்கொட்டையாக முன்னால் போய் நின்றேன். ஊரில் கட்டில், நாற்காலி செய்யும் ஆசாரிகளுக்கா பஞ்சம்? தண்டலுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நான் தேடிப்போனது தோணி கட்டுகிற ஓடாவியை.

அவர் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "எம்புட்டுப் பாரம் தாங்கணும்?"

"ஆளு நல்ல கனம் அண்ணாச்சி. ஆடக்கூடாது, சாயக்கூடாது."

"நம்ம கட்டுனது எதுவும் சாஞ்சதில்ல. தைரியமாப் போங்கம்மா."

ஒரு வாரத்தில் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. கருவேலங்கட்டையில் நான்கு கால், விரல் பருமனுக்கு ஆணி, தண்ணீர் புகாதபடி மூட்டுக்கு மூட்டு கீல் பூச்சு. (வார்டுக்குள் எங்கிருந்து தண்ணீர் வரும் என்று நான் கேட்கவில்லை.) நான்கு பேர் தம் கட்டித் தூக்கிவந்து உள்ளே வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கொழுந்தியாள்களை அதட்டித் தூர நிறுத்திவிட்டு, தண்டலை எழுப்பிச் சட்டத்துக்குள் நிற்கவைத்தேன். அவர் பிடித்துத் தள்ளினார். அது இம்மியும் அசையவில்லை.

"சிஸ்டர், இது நடக்கிறதுக்கா, நங்கூரம் போடுறதுக்கா?" என்றார் டாக்டர்.

வார்டே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தூக்கி வைக்கணும் சார், இப்படி" என்று முன்பக்கத்தைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினேன். தூக்கியது உண்மை. வைத்தது என் கால் பெருவிரலில்.

நான் போட்ட கூச்சல் துறைமுகம்வரை கேட்டிருக்கும். "ஐயோ, பிள்ள காலு போச்சே!" என்று தண்டல் பிடியை விட்டார். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு நான்கே எட்டில் என் பக்கம் வந்தார். மூலையை நெம்பித் தூக்கி என் காலை விடுவித்தார்.

"மாதாவே, நடந்துட்டாவ!" என்று திரேசம்மா அலறினாள். மொத்த வார்டும் அவர் காலையே பார்த்தது. என் விரலைப் பார்க்க ஒரு நாதி இல்லை. ஆனாலும் அந்த வலியிலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன்பிறகு அவருக்கு ஒரு கைத்தடியே போதுமானதாக இருந்தது. மகளைப் பீடம்வரை அவர்தான் கூட்டிப்போனார். முன்வரிசையில் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பூசை முடிந்து என்னைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட வந்த திரேசம்மா, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "எங்க வீட்டாள நடக்கவைக்கதுக்கு சிஸ்டரம்மா தன் வெரலயே குடுத்துட்டாவ!"

மறுத்திருக்கலாம். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டதால் விட்டுவிட்டேன், இன்றுவரை மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் உண்மை தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். காலையில் எங்கள் மகள் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து நான் கத்த ஆரம்பித்தால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "ஏளா, இன்னும் ஒம்பது வெரலு கெடக்குல்லா. ஒண்ண ஒடச்சுப் பாரு, எந்திரிச்சிருவா."