என் பேரில் ஏறிய நூல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன்: ‘மொதல்லேர்ந்து’ சாரைப் போல ஆரணியையே பேஜார் பண்ணின மனுஷன் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் புரோகிராம் எழுதப் பெரணமல்லூரிலிருந்து இவர் வந்தார். எந்த வேலை பாதியில் நின்றாலும் முதலிலிருந்து செய்யவேண்டும் இவருக்கு. ரசம் சாதத்தில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து மறுபடி சாம்பார் கேட்பார். ஒரு கல்யாணத்தில் பெண் மாலை போட்டதும் கரண்ட் போய்விட்டது.

"கழட்டுங்க! ரெண்டு மாலையும் விழணும், இல்லாட்டி ஒண்ணும் விழக்கூடாது. மொதல்லேர்ந்து!" என்று கத்தினார். பெண்ணின் மாமன் அடிக்கவே வந்துவிட்டார்.

உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

ஒருநாள் சங்க அட்டையோடு, எங்கள் தறிக்குக் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் வாங்கப் போனேன். கம்ப்யூட்டரில் என் பேரில் ஏற்றவேண்டும், பிறகு கிடங்கு இருப்பில் குறைக்கவேண்டும், அப்புறம்தான் நூல் கைக்கு வரும். என் பேரில் ஏற்றியதும் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் நூலுக்குக் கை நீட்டினேன். சங்க மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நூல் உன் பேர்ல ஏறிக்கீது. எங்க வெச்சிகினு இருக்கே?"

"வாங்கலீங்க..."

"மிசின் பொய் சொல்லுமா? திருட்டுப் பொம்பள! இவ அட்டைய வாங்கி வை. இனிமே நூல் கிடையாது."

நாற்பது பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். எனக்கு நாலு பேர் எதிரில் வாயே திறக்காது. அட்டை போனால் தறி ஓடாது, திருடி என்கிற பேர்தான் ஓடும்.

மொதல்லேர்ந்து சார் எழுந்தார். "தப்பு என்னுது சார். ரெண்டு வேலையும் முடிஞ்சாதான் பதியணும். மொத வேலைக்கே பதிய வெச்சிட்டேன்."

ஊருக்கெல்லாம் சொன்ன ஆள், தன் புரோகிராமில் கோட்டை விட்டிருக்கிறார்! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"சரி, அத மட்டும் ஜல்தியா அழிங்க," என்றார் மேனேஜர்.

"இதுமாதிரி பாதியில நிக்கறது இன்னும் எத்தினி இருக்குதோ? காலைலேர்ந்து போட்டது அத்தினியும் அழிக்கறேன். யாரும் போவாதீங்க. மொதல்லேர்ந்து!"

புரோகிராமைத் திருத்தி, எல்லோரையும் மறுபடி ஏற்றச் சாயங்காலம் ஆகிவிட்டது. "உன்னாலதாம்மே!" என்று வரிசையே என்னை ஏசியது. நான் மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

கடைசியில் என் கையில் நூல் வந்தது. நழுவப் பார்த்தேன்.

"நில்லும்மா." மொதல்லேர்ந்து சார் மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், இவங்கள திருடின்னு சொன்னீங்க. அதுவும் அழியணும். கேட்ட நாப்பது பேரும் இங்கதான் கீறாங்க."

மேனேஜர் முகம் கறுத்தது. "தெரியாம சொல்லிட்டேன்மா," என்று முணுமுணுத்தார்.

"கடைசி ஆளுக்குக் கேக்கல சார். மொதல்லேர்ந்து."

மேனேஜர் மறுபடி, உரக்கச் சொன்னார்.

நாற்பது பேர்தானா, அவர் ஊர் பெரணமல்லூர்தானா, எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதுங்கள். அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்பதை மட்டும் யாரும் விசாரிக்கவேண்டாம். சொல்லவில்லை.