ரப்பர் பேண்ட் போட்டது என்னுடையது

எங்கள் வீட்டில் அழுகையை ஒழிப்பது என்று முடிவு செய்தேன்.

மேடையில் நான் எத்தனையோ கொடுமைகளை ஒழித்திருக்கிறேன். வரதட்சணை, லஞ்சம், ஆங்கில மோகம் எல்லாம் என் பேச்சு முடிவதற்குள் ஒழிந்துவிடும். மைக் செட்டைக் கழற்றும்போது திரும்பி வந்துவிடும். முப்பது வருடம் பட்டிமன்றம் பேசிய வெள்ளைத்துரை நான். 'குடும்பத்தின் தலைவர் கணவரே' என்ற அணியில்தான் எப்போதும் பேசுவேன், என் மனைவி செல்லத்தாய் அனுமதி கொடுத்தால்.

அழுகைக்கு வருவோம். எங்கள் ஒரே மகள் அங்கயற்கண்ணி, வீட்டில் கயல், போன வருடம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வந்தால் செல்லத்தாய் கையடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகுவாள். கயலின் படமெல்லாம் அதில்தான். ஒரு சத்தமும் வராது. கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சுவாள். அப்புறம் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. எனக்கு உண்டு, உப்புக் கூடுதலாக.

எனக்குக் கண் தெரியாது. சர்க்கரை இரண்டையும் வாங்கிக்கொண்டது. கயல்தான் கம்ப்யூட்டரைப் பேச வைத்துக் கொடுத்தாள். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் வாசிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே விசைகளைத் தட்டி வேலை பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வாங்கி வந்து, ஒன்றில் என் பட்டிமன்றப் பேச்சையெல்லாம் ஏற்றினாள். இன்னொன்று வீட்டுப் படங்களுக்கு.

"ரப்பர் பேண்ட் போட்டது உங்களுதுப்பா. தடவிப் பாத்துக்கங்க" என்றாள்.

படம் இருக்கிற டிஸ்க்கை அழித்துவிட்டால் அழுகை நின்றுவிடும். தானாகக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். எல்லாம் அவள் நன்மைக்காக. மேடையாக இருந்தால் இதோடு கைதட்டு வாங்கி உட்கார்ந்திருப்பேன். உண்மை வேறு. எனக்குக் கயலின் முகம் மங்கிக்கொண்டே வந்தது. அவள் மூக்கை நினைத்தால் என் அக்காவின் மூக்கு வந்து நிற்கிறது. செல்லத்தாய்க்கு மட்டும் தினமும் முழு முகம். எனக்கு வயிறு எரிந்தது.

காலையில் ஒத்திகை பார்த்தேன். ரப்பர் பேண்ட் இல்லாத டிஸ்க்கைச் சொருகினேன். குரல் படபடவென்று ஓடியது. டிஸ்க் ஒன். நியூ வால்யூம். டிலீட் வால்யூம். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? எஸ். நோ. எனக்குப் பழகிய வேகம் அது. மற்றவர்களுக்குக் கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்கும். அதனால் ஹெட்போன்கூட மாட்டவில்லை. இப்போதைக்கு 'நோ' கொடுத்துவிட்டு டிஸ்க்கை அலமாரியில் வைத்தேன்.

அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது.

"என்னங்க பண்றீக?"

"கம்ப்யூட்டரச் சுத்தம் பண்றேன்."

"கழட்டுன சட்டைய எடுத்து வைக்கத் தெரியல. கம்ப்யூட்டரச் சுத்தம் பண்றீகளாக்கும்."

"இது டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்கு என்ன புரியும். குளிக்கப் போங்க, வெந்நி ஆறுது."

குளித்தேன். மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. "தெப்பக்குளம் வரைக்கும் போயிட்டு வாரேன், காய் வாங்கணும்" என்று அவள் கிளம்பினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அலமாரியைத் தடவினேன். ரப்பர் பேண்ட் இல்லாதது கைக்கு வந்தது.

உள்ளே திறந்து பார்த்திருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று குரல் வாசித்திருக்கும். ஆனால் கயல் பெயரை அந்த மிஷின் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நேராக டிலீட் வால்யூமுக்குப் போனேன். 'எஸ்' வந்ததும் விரல் நின்றுவிட்டது. தட்டிவிட்டேன். பிறகு புது வால்யூம் போட்டு, ஃபார்மட் செய்து, பெயரும் வைத்தேன். முடிந்தது என்றது குரல், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஜெயித்தவனுக்கு வாந்தி வருமா என்று தெரியாது. எனக்கு வந்தது.

சாயங்காலம் செல்லத்தாய் விளக்கு வைத்தாள். அலமாரி திறந்தது. நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். ரப்பர் பேண்டைக் கழற்றுகிற சத்தம்.

"அது என்னோடதுல்ல?" என்றேன்.

"இது கயலோடது. நீங்க குளிக்கிறப்ப ரப்பர் பேண்ட இதுக்கு மாத்திட்டேன். உங்களுத நீங்களே மத்தியானம் அழிச்சுட்டீக."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க மிஷினுதான் சொல்லுச்சே. காலையில டிலீட்டு, எஸ்ஸு, நோவுன்னு. மத்தியானம் வாசல்ல நின்னு மிச்சத்தையும் கேட்டுட்டுத்தான் காய் வாங்கப் போனேன்."

"அம்புட்டு வேகத்துல ஓடுனது உனக்குப் புரிஞ்சுச்சா?"

"நாலு வருசமா அடுப்படில நின்னு கேக்குறேன். நீங்க பேசுறதுக்கு அது தெளிவாத்தான் பேசுது."

"அப்ப என் பேச்செல்லாம்?"

"போச்சு."

"முப்பது வருசம், செல்லத்தாயி."

"முப்பது வருசமும் ஒண்ணுதான பேசுனீக, குடும்பத் தலைவர் கணவரேன்னு. மறந்துபோனா கேளுங்க, நான் சொல்றேன்."

சண்டைக்கு வாயைத் திறந்தேன். "சும்மா இருங்க" என்று ஏதோ ஒரு விசையைத் தட்டினாள்.

"அப்பா, சட்டைய உள்வெளியாப் போட்டிருக்கீக. அம்மா, இங்க வந்து பாரேன்."

கயல் சிரித்தாள். எங்கள் வீட்டுக்குள், என் காதுக்குப் பக்கத்தில்.

"வெறும் படம்னுல்ல நினைச்சேன்" என்றேன்.

"வீடியோவுந்தான் இருக்கு. பூராம் அவ பேச்சு. உங்களுக்குத் தாங்காதுன்னு சத்தத்த அமத்திவச்சு நான் மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். அழிக்கவே துணிஞ்ச ஆளு, இனிமே தாங்குவீக."

கயல் மறுபடி சிரித்தாள். சிரித்தால் அவள் மூக்கு சுருங்கும். அது ஞாபகம் வந்துவிட்டது.

அழுகையை ஒழிக்கக் கிளம்பியவன் நான். இப்போது விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் அழுகிறோம், ராத்திரிச் சாப்பாடு இரண்டு பேருக்குமே கிடையாது.