பூட்டிய வீட்டில் ஓடிய ஏசி

வளைகுடா நாடுகளில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்துச் சம்பளத்தைக் கேட்கமாட்டார்கள் (அது நாகரிகம் இல்லையாம்). கரண்டு பில் எவ்வளவு வருகிறது என்று கேட்பார்கள். பில்லைச் சொன்னால் எத்தனை அறை, எத்தனை ஏசி, மனைவி பிள்ளைகள் உடன் இருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். சம்பளத்தை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

பஹ்ரைனில் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், பிழைக்க வந்தவர்களுக்கு வேறு கட்டணம். நாங்கள் பிழைக்க வந்தவர்கள். என் மனைவி கிரேஸ் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் கரண்டுக் கணக்கும் நானேதான். படுக்கையறை ஏசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, யாரால் போடப்பட்டது, அணைக்க மறந்தவர் யார் என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். சரித்திரப் புத்தகங்களை நிறைய வாசிப்பதால் வந்த கோளாறு. ராஜாக்களின் படையெடுப்புக்குத் தேதி இருக்கும்போது கிரேஸ் ஹீட்டர் போட்டதற்குத் தேதி இருக்கக்கூடாதா? குளியலறைக்குள்ளிருந்து அவள், "எழுதிக்கிட்டீகளா? இப்ப அணைக்கப் போறேன், அதையும் எழுதிக்கோங்க" என்று கத்துவாள். அதையும் எழுதிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட மேதை சிவகாசிக்கு வெளியே, சாத்தூர் சாலையில் ஒரு வீடு கட்டினான். இரண்டு ஏசி. மும்முனை இணைப்பு. வருடத்தில் பாதிக்கும் மேல் பூட்டித்தான் கிடக்கும். அந்தச் சமயத்தில் எங்கள் வளைகுடா வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எச்சரித்திருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டார் கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கிறார்களாம். யார் வீட்டில், எந்த ஊரில் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. (சோழர் காலச் செய்தி என்றால் மட்டும் ஆதாரம் கேட்பேன்.) உடனே வராந்தாவில் இருந்த மீட்டரைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு அடித்தேன். கம்பிக்குள் கை விடமுடியாதபடி உள்பக்கம் தகரமும் அடித்தேன். அதற்குத் தனிப் பூட்டு. சாவி என்னிடம் மட்டும். வெல்டிங் பட்டறைக்காரர், "இதுக்குள்ள என்ன சார் வைக்கப் போறீக, சாமி நகையா?" என்று கேட்டார்.

அந்த வருடம் ஆனி கடைசியில் விடுமுறைக்கு வந்தோம். பஹ்ரைன் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே கஞ்சனாக இருந்தவன் இங்கே ஜமீன்தார் ஆகிவிட்டேன். இரண்டு ஏசியும் பகலிலும் ஓடின. பிள்ளைகள் போர்வை கேட்டார்கள். நான் "அனுபவிங்க" என்று சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. ஆடி கடைசி வெள்ளியன்று, இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் வாசலில் தண்ணீர் குடிக்க நின்றபோது, திறந்த கதவு வழியாக வந்த குளிரைப் பார்த்து ஒரு அம்மா, "என்ன தாயி, வீட்டுக்குள்ள மழையா பெய்யுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். கணக்கெடுக்க வந்தவருக்கு நானே கூண்டைத் திறந்து காட்டினேன். பில்லும் ஜமீன்தாருக்கு ஏற்றபடி வந்தது. கட்டினேன். விமானம் ஏறினோம்.

வீட்டுச் சாவியை என் அக்கா ஜெயாவின் கணவர் தங்கராஜ் அத்தானிடம் கொடுத்திருந்தேன். அத்தான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வீடு விஸ்வநத்தத்தில். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுப் போவார். அதற்கு நான் அவருக்கு ஒரு செண்ட் பாட்டில் கொடுத்திருந்தேன். என் தாராளம் அவ்வளவுதான்.

ஐப்பசியில் அடுத்த பில் கைப்பேசியில் வந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, நாங்கள் இரண்டு ஏசி போட்டு இருந்தபோது வந்த அதே பில். ஒரு யூனிட் கூடவில்லை, ஒரு யூனிட் குறையவில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் இங்கே ஒரு நிமிடம் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். அதுதான் தப்பு. 'எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, நான் எரித்த அளவுக்கே எரித்து நிறுத்தியிருக்கிறான். பயங்கரமான ஆள்' என்று முடிவுக்கு வந்தேன்.

எதிர்வீட்டுக் கணேசன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். காலண்டர் அச்சகம் வைத்திருப்பவர். சீசன் மும்முரத்தில் இருந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்ல யாரும் வர்றாகளா?"

"உங்க அத்தான்தான் வாராக. வந்து சன்னலை எல்லாம் தொறந்து போடுதாக. கொஞ்ச நேரம் உள்ள இருப்பாக."

"லைட்டு எரியுதா?"

"லைட்டா? ஒரு நாளும் பாத்ததில்லயே."

பாருங்கள், சன்னலைத் திறந்து வைக்கிறவன் ஏசி போடமாட்டான் என்பது தீப்பெட்டி ஒட்டும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கோ, 'விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஏசி போட்டுப் படுக்கிறார்' என்று தோன்றியது. மார்கழியில் மூன்றாவது பில்லும் அதே எண்ணிக்கையில் வந்தபோது, குளிர்காலத்தில்கூட ஏசி கேட்கிற அத்தானின் உடம்பை நினைத்து எனக்குப் பொறாமையே வந்தது.

"அவரு அப்படிப்பட்டவரு இல்லைங்க. நேர்ல கேக்காதீக. பெனிட்டா கல்யாணம் வருது" என்றாள் கிரேஸ்.

பெனிட்டா அக்காவின் ஒரே மகள். தை மாதம் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் நான் தட்டெடுத்துக்கொண்டு போனால்தான் அவளுக்குச் சீர். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, "மாமா, என் சீர்த் தட்டை வேற யாரும் தூக்கக்கூடாது, நீதான் முன்னால வரணும்" என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். ஆகவே நேரில் கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரிந்திருந்தது. நாசூக்காகக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

என் நாசூக்கைக் கேளுங்கள். ஊருக்கு வந்த அன்று, விமான நிலையத்திலிருந்து நேராக விஸ்வநத்தம் போய், சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்து, "என்ன அத்தான், எங்க வீட்டு ஏசி நல்லா குளிருதா?" என்று கேட்டேன்.

அத்தான் வாளியோடு நின்றார். "ஏன் மாப்ள, ரிப்பேரா?"

"ரிப்பேரா? நாங்க இருந்தப்போ ஓடுனதைவிட இப்பத்தான் நல்லா ஓடுது போல. பில் வருதுல்லா."

கிரேஸ் என் காலை மிதித்தாள். நான் மிதிபட்ட காலோடு கைப்பேசியை எடுத்து, மூன்று பில்களையும் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடி இல்லாமல் அதைத் தலைகீழாகப் பிடித்து, "கல்யாணப் பத்திரிகையா? நல்லா இருக்கு" என்றார்.

அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் அப்பளம் எடுக்கும் கம்பி.

"ஏலே சாமு, என்ன சொன்ன? இன்னொருக்கச் சொல்லு."

"இல்லக்கா, பூட்டுன வீட்ல எப்படி அம்புட்டு யூனிட்டு..."

"உன் வீட்ல எம்புருசன் ஏசி போட்டுப் படுத்தாருன்னு சொல்றியா? சீசன்ல விடிய முன்ன வேன் ஏறிப் போயி இருட்டுனப்புறம் வீடு வார மனுசன். எங்க வீட்டு காத்தாடியையே சுத்த விடமாட்டாரு. நீ சீரும் கொண்டு வர வேணாம், ஒண்ணும் கொண்டு வர வேணாம். உன் ஏசியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உன் வீட்லயே கெட."

மணக்கோலத்துக்கு மருதாணி வைத்த கையை விரித்துப் பிடித்தபடி பெனிட்டா கதவோரம் நின்றாள். "மாமா..." என்றாள்.  ரசம் என் இலையில் நாலா பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. 

அத்தான் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போய், பைபிள் வைக்கும் அலமாரியிலிருந்து கைக்குட்டையில் முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் இலைப் பக்கத்தில் அவிழ்த்தார். மூன்று வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகள்.

"உங்க வீட்டுக்குள்ள இருக்குற மெயின் போர்டுல உள்ளதுதான் மாப்ள. நீங்க பிளேன் ஏறுன மறுநாளே கழத்திட்டேன். ஆளில்லாத எடத்துல கரண்டு இருக்கப்படாது. கம்பெனியில அப்படித்தான் பழக்கம்."

மருந்து அறையில் செருப்புக்கால்கூட உரசக்கூடாது என்று ஆட்களை விரட்டும் மனிதர். எனக்கு ஏன் அதுவரை இது தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இருக்காது.

அப்போதாவது வாயை மூடினேனா? "அப்படின்னா கொக்கிதான்! யாரோ கொக்கி போட்டிருக்கான்!" என்று எழுந்தேன். திருடனைப் பிடித்துக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற நப்பாசை. பந்தியில் பாதிப் பேர் கையைக் கழுவிவிட்டு இரண்டு வேனில் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்கா அப்பளக் கம்பியோடு வந்தாள்.

வராந்தாவில் என் கம்பிக் கூண்டு கோட்டை மாதிரி நின்றது. தூசி படிந்த பூட்டு. கொக்கியும் இல்லை, ஒயரும் இல்லை.

"தெறங்க மாப்ள, பாப்போம்" என்றார் அத்தான். "எங்கிட்ட இதுக்குச் சாவி கிடையாது."

என் இடுப்பில் தொங்கிய கொத்திலிருந்து சாவியை எடுத்தேன். கிரேஸ் அந்தச் சாவியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தச் சாவி நம்மகூட பஹ்ரைன்லதான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப கணக்கெடுக்க வந்தவரு உள்ள எப்படிப் பாத்திருப்பாரு?"

  அக்கா அப்பளக் கம்பியால் பூட்டைத் தட்டினாள்.

"பூட்டிக் கெடந்தா போன தடவை வந்ததையே போட்டுட்டுப் போவாகன்னு ஊருக்கே தெரியும்லே. நம்ம அப்பா வீட்லயே ஒருக்கா அப்படித்தான வந்துச்சு? நீதான கூடப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்த?"

போயிருந்தேன். அதன் தேதிகூட எனக்குத் தெரியும்.

திருடன் யாரென்று புரிந்துவிட்டது. ஆடி மாதம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஏசி போட்டவன். மீட்டரைச் சிறை வைத்துச் சாவியோடு கடல் தாண்டியவன். அவன் எரித்ததையே அவனுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். கூண்டைத் திறந்தோம். நாங்கள் விமானம் ஏறிய சமயத்து எண்ணிலேயே மீட்டர் நின்றுகொண்டிருந்தது. மீட்டருக்கு இருந்த ஞாபகசக்தி எனக்கு இல்லை. "பூட்டையும் எழுதிக்கிட்டீகளா?" என்று கிரேஸ் காதருகில் கேட்டாள்.

அங்கேயே, அத்தனை பேர் முன்னால் அத்தானின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க மாப்ள, வெயில்ல வந்த அலுப்பு" என்றார். தை மாதத்தில் என்ன வெயில்? அந்தப் பெருந்தன்மைதான் அப்பளக் கம்பியைவிட அதிகமாகச் சுட்டது.

அக்கா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. பெனிட்டா அழுததால்தான் இறங்கி வந்தாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு. "சீரு கொண்டு வா. ஆனா முதல் தட்டுல அந்த மூணு பீஸ் கட்டையும் இருக்கணும். அதை நீதான் தூக்கணும். கைக்குட்டை போட்டு மூடப்படாது."

மறுநாள் சாயங்காலம் மேளம் முழங்க, விஸ்வநத்தம் தெருவில் தாய்மாமன் சீர் போனது. பின்னால் பட்டுச் சேலை, பழம், பூ, இனிப்பு. முன்னால் நான். என் தட்டில், ஒரு சீப்பு வாழைப்பழத்தின் மேல் மூன்று பீஸ் கட்டைகள். மாப்பிள்ளை வீட்டார், "இது என்ன சம்பிரதாயம்?" என்று கேட்க, பெரியப்பா நிதானமாக, "பொண்ணு வீட்டுக்கு வெளிச்சம் குடுக்குற ஐதீகம்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் தங்கள் பக்கத்து அடுத்த கல்யாணத்தில் அதைச் செய்ததாகக் கேள்வி.

கூண்டை வெட்டி எடுத்தாகிவிட்டது. கோழி அடைக்க அக்கா வாங்கிக்கொண்டாள். ஆனால் பீஸ் கட்டைகள் எங்கள் குடும்பத்தைவிட்டுப் போகவில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் என் கையில் தரும் தட்டில் ஒன்றாவது இருக்கும். போன விடுமுறையில் பெனிட்டாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். தங்கச் சங்கிலி, கொலுசு, வெள்ளிக் கிண்ணம் எல்லாம் இருந்த தட்டில் குழந்தை கையை விட்டது. நேராக அந்த வெள்ளைப் பீங்கானைப் பிடித்தது. வாய்க்குக் கொண்டுபோனது. நான் பதறிப்போய்ப் பிடுங்கப் போனேன்.

அத்தான் என் கையைத் தடுத்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் இதைப் பற்றி என்னிடம் பேசிய ஒரே தடவை அதுதான்.

"கழுவித்தான் வச்சிருக்கேன், விடுங்க மாப்ள. பிள்ள எம்புட்டு நேரம் வேணும்னாலும் வச்சு வெளையாடட்டும். எப்படியும் உங்களுக்குப் போன தடவை வந்த பில்லுதான் வரும்."